வியட்நாம் அகதிகளைத் திருப்பி அனுப்ப அரசுப் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1975 ஏப்ரலில் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் கம்யூனிஸ்ட் படைகளிடம் வீழ்ந்த பிறகு, இருபது வருடத்துக்கும் மேலாக வியட்நாமியர்கள் படகேறி வெளியேறிக்கொண்டே இருந்தார்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் என்று போய்க் குடியமர்ந்தவர்களின் கதை பலருக்குத் தெரியும். அகதி இல்லை என்று முடிவுகட்டப்பட்டு, சுமார் 1,09,000 பேர் வியட்நாமுக்கே திரும்பிப் போக வேண்டியிருந்த கதை அவ்வளவாகத் தெரியாது. அந்தத் திருப்பி அனுப்புதலுக்கு அரசுகள் பணம் செலவழிப்பது சரியா என்று ஹாங்காங்கிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெரிய வாதம் நடந்தது. அதைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஹாங்காங் பற்றித்தான் அதிகம் இருக்கும், வாதம் அங்கேதான் வீதிக்கே வந்தது.

அகதிகளாக வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் பேச்சு எப்படி வந்தது?

முதலில் அப்படி ஒரு பேச்சே இல்லை. 1975 மே மாதம் 'கிளாரா மெர்ஸ்க்' என்ற டென்மார்க் கப்பல், நடுக்கடலில் காப்பாற்றிய 3,743 பேரை ஹாங்காங்கில் கொண்டுவந்து இறக்கியது. அவர்களை மற்ற நாடுகள் ஏற்றுக்கொண்டன. 1979-இல் ஒரே வருடத்தில் 68 ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஹாங்காங்குக்கு வந்தார்கள். அந்த வருடம் ஜூலையில் ஜெனிவாவில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. தென்கிழக்கு ஆசிய நாடுகளும் ஹாங்காங்கும் தற்காலிகமாக இடம் கொடுக்க வேண்டும், மேற்கு நாடுகள் அவர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இதுதான் பேச்சு.

சில வருடங்கள் இது ஓடியது. அப்புறம் மேற்கு நாடுகள் எடுத்துக்கொள்ளும் எண்ணிக்கையைக் குறைத்தன, படகுகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. 1988 ஜூன் 16 முதல், புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் விசாரித்து, துன்புறுத்தலுக்கு அஞ்சி ஓடிவந்தவரா, பிழைப்புத் தேடி வந்தவரா என்று பிரிக்க ஹாங்காங் தொடங்கியது. 1989 ஜூனில் ஜெனிவாவில் மறுபடியும் கூடிய நாடுகள் இதையே எல்லாருக்குமான முறையாக்கின. 'விரிவான செயல்திட்டம்' என்று பெயர். விசாரணையில் தேறியவர்களுக்கு வெளிநாட்டில் குடியமர்வு, தேறாதவர்கள் ஊர் திரும்ப வேண்டும். ஊர் திரும்ப வைக்கிற செலவு யாருடையது என்ற கேள்வி அங்கேதான் முளைத்தது.

எதற்கெல்லாம் பணம் தேவைப்பட்டது?

முகாமில் வைத்துச் சாப்பாடு போடும் செலவு ஒன்று. விமானச் செலவு ஒன்று. ஊருக்குப் போனபின் கையில் கொடுக்கும் உதவித்தொகை இன்னொன்று. மக்கள் பேசும்போது மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினார்கள். பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும்கூட அப்படித்தான். உண்மையில் பெரிய தொகையெல்லாம் முதலாவதில், முகாமில் வருடக்கணக்கில் அடைத்து வைத்ததில் போனது. திட்டும் சந்தேகமும் மட்டும் மூன்றாவதன் மேல் விழுந்தன.

திரும்பிப் போகிறவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?

யு.என்.எச்.சி.ஆர். என்கிற ஐ.நா. அகதிகள் ஆணையம் ஒவ்வொருவருக்கும் 240 முதல் 360 அமெரிக்க டாலர் வரை கொடுத்தது. காலத்தைப் பொறுத்துத் தொகை மாறியது. மொத்தமாகக் கையில் கொடுக்காமல், ஊருக்குப் போனபின் தவணையாகவும் கொடுத்தார்கள். அந்தக் காலத்து வியட்நாம் கிராமத்தில் ஒரு குடும்பம் வருடம் முழுக்கச் சம்பாதிப்பதோடு ஒப்பிட்டால் இது நல்ல தொகைதான். படகில் இடம்பிடிக்க நிலத்தையும் நகையையும் விற்று, கடனும் வாங்கிவந்த குடும்பத்துக்கு, அந்தக் கடனை அடைக்கவே இது பத்தாது.

ஹாங்காங் மக்கள் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள்? அவர்களே அகதிகளின் பிள்ளைகள் தானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டு ஹாங்காங் மக்களைக் கல்நெஞ்சர்களாக்கிவிடுகிறார்கள். ஆமாம், அந்த ஊரில் பாதிக்குப் பாதி குடும்பங்கள் சீனாவிலிருந்து எல்லை தாண்டி ஓடிவந்தவைதான். கோபத்தின் வேரே அங்கேதான் இருக்கிறது.

1980 அக்டோபர் வரை, சீனாவிலிருந்து திருட்டுத்தனமாக வருபவர் எப்படியாவது நகருக்குள் வந்து சேர்ந்துவிட்டால் அங்கேயே தங்கலாம் என்று இருந்தது. அதை அரசு நிறுத்தியது. அதற்குப் பிறகு பிடிபட்ட சீனரை உடனுக்குடன் எல்லையில் கொண்டுபோய் விட்டார்கள். சொந்த அண்ணனின் மகன் பிடிபட்டாலும் அதே கதிதான், விசாரணை கிடையாது, முறையீடு கிடையாது. அதே கடற்கரையில் வியட்நாமிலிருந்து வருபவருக்கு முகாம், சாப்பாடு, விசாரணை, வழக்கறிஞர். "எங்கள் ரத்த உறவைத் திருப்பி அனுப்புகிறீர்கள், யாரோ ஒருவருக்கு எங்கள் வரிப்பணத்தில் சோறு போடுகிறீர்களா?" என்ற கேள்விக்கு அரசிடம் மனிதர் ஏற்கும் பதில் இல்லை.

இன்னொன்று, படகில் வருபவர்கள் ஏழைகள் இல்லை என்ற எண்ணம். 1978 டிசம்பரில் 'ஹுவே ஃபாங்' என்ற கப்பல் 3,318 பேரோடு வந்து நின்றது. பிறகு அந்தக் கப்பலின் இயந்திர அறையில் தங்கம் ஒளித்து வைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. பயணிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிய தங்கம். ஏற்பாடு செய்தவர்கள் மேல் வழக்கு நடந்து தண்டனையும் ஆனது. தங்கத்தைக் கொடுத்தவர்கள் வேறு வழியில்லாமல் கொடுத்தார்கள் என்பதை விட்டுவிட்டு, தங்கம் என்ற ஒன்று மட்டும் ஊரார் நினைவில் தங்கிவிட்டது.

மூன்றாவது காரணம் 1989. பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கப் போராட்டத்தைச் சீன ராணுவம் ஜூன் 4-ஆம் தேதி சுட்டு அடக்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்து ஹாங்காங் நடுங்கிக்கொண்டிருந்தது. 1997-இல் சீனாவிடம் ஒப்படைக்கப்படப் போகும் ஊர் அது. பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருந்த 30 லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் பிரிட்டனில் குடியிருக்கும் உரிமையைத் தர லண்டன் மறுத்தது, பிறகு 50,000 குடும்பங்களுக்கு மட்டும் என்று சொன்னது. தங்களுக்கே புகலிடம் கிடைக்காத மக்களைப் பார்த்து, 'புகலிடம் கொடுங்கள், செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று அதே லண்டன் சொன்னது. படகில் வருபவர்களுக்கு முதலில் தற்காலிகமாக இடம் கொடுக்கும் முதற்புகலிடக் கொள்கையைத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்ததும் லண்டன்தான். அந்த ஆண்டில் மட்டும் படகில் வந்தவர்கள் சுமார் 34,000 பேர்.

இவற்றோடு முகாம்களுக்குப் பக்கத்தில் வசித்தவர்களின் பயமும் சேர்ந்துகொண்டது. வியட்நாமிய மொழியில் அரசு வானொலி நாள்தோறும் ஒலிபரப்பிய எச்சரிக்கை அறிவிப்பு, பொருள் புரியாமலேயே ஊர் முழுக்கப் பாடமாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் அதைச் சொல்லிக் கேலி செய்தார்கள். அதன் முதல் சொற்களே வியட்நாமியர்களைக் குறிக்கும் இளக்காரப் பெயராக நிலைத்தன.

கோபம் நியாயமான இடத்தில் பிறந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் கொள்கையை முடிவு செய்த லண்டன்மேல் விழ வேண்டியது, முகாமில் மூன்றடுக்குப் படுக்கையில் முடங்கிக் கிடந்தவர்கள்மேல் விழுந்தது.

116 கோடி டாலர் கடன் என்று சொல்கிறார்களே, அது என்ன?

முகாம்களை நடத்த ஹாங்காங் அரசு முன்பணமாகச் செலவழித்ததை யு.என்.எச்.சி.ஆர். திருப்பித் தருவதாக ஒப்புதல். அதில் ஒரு நிபந்தனை இருந்தது: நன்கொடை நாடுகளிடமிருந்து பணம் வந்தால்தான். இந்த ஆணையத்துக்குச் சொந்த வருமானம் கிடையாது, நாடுகள் கொடுப்பதை வைத்துத்தான் நடக்கிறது. 1990களில் உலகத்தின் கவனம் போஸ்னியாவுக்கும் ருவாண்டாவுக்கும் போனது, வியட்நாமியருக்காகக் கொடுக்க எந்த நாட்டுக்கும் மனம் இல்லை. கடைசியில் ஹாங்காங்குக்கு வரவேண்டிய பாக்கி சுமார் 116 கோடி ஹாங்காங் டாலர். 1998-இல் ஒரு சிறு தொகை வந்தது, அதோடு சரி.

ஹாங்காங் சட்டமன்றத்தில் வருடந்தோறும் இதைக் கேட்டார்கள். பிரிட்டன் கட்ட வேண்டும் என்று தீர்மானங்கள் வந்தன. 1997-க்குப் பிறகும் கேள்வி ஓயவில்லை. வியட்நாம் அகதிகள் என்றாலே இன்றைக்கும் ஹாங்காங்கில் ஒரு தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பாக்கிதான். அகதிகள் கடன் வாங்கவில்லை. வாக்குக் கொடுத்தவை அரசுகள். சாதாரணப் பேச்சில் மட்டும் அது 'வியட்நாம்காரன் கடன்' ஆகிவிட்டது.

1989 டிசம்பர் 12 அன்று என்ன நடந்தது?

பீனிக்ஸ் ஹவுஸ் என்ற தடுப்பு மையத்தில் விடிவதற்கு வெகு முன்பே கலவரத் தடுப்புக் காவலர்கள் நுழைந்தார்கள். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட 51 பேரை வண்டிகளில் ஏற்றிக் கை டாக் விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 8 ஆண்கள், 17 பெண்கள், 26 குழந்தைகள். பொழுது விடிந்தபோது விமானம் ஹானோயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. யாரும் விரும்பிப் போகவில்லை. முதல் கட்டாயத் திருப்பி அனுப்புதல் இதுதான்.

அந்த 51-இல் பாதிக்கு மேல் குழந்தைகள் என்பதுதான் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தாட்சர் அரசை எதிர்க்கட்சி கடுமையாகத் தாக்கியது. வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட், இவர்கள் அகதிகள் இல்லை, பொருளாதாரக் குடியேறிகள், வேறு வழியில்லை என்று வாதாடினார். வாஷிங்டன் கண்டித்தது. ஹாங்காங் தெருவில் பொதுவான குரல் வேறாக இருந்தது: 'ஏன் 51 பேரோடு நிறுத்தினீர்கள்?'

உலகக் கண்டனத்தால் அதோடு கட்டாயப் பயணங்கள் ஏறக்குறைய இரண்டு வருடம் நின்றன. 1991 அக்டோபரில் பிரிட்டனும் வியட்நாமும் உடன்பாடு செய்துகொண்ட பிறகு, நவம்பரில் 59 பேரோடு மறுபடி தொடங்கியது.

கண்டித்த அமெரிக்கா அவர்களை ஏற்றுக்கொண்டதா?

விசாரணையில் தேறியவர்களை ஏற்றது. தேறாதவர்களை ஏற்கவில்லை. கம்யூனிஸ்ட் ஆட்சி நடக்கும் நாட்டுக்கு யாரையும் வலுக்கட்டாயமாக அனுப்பக்கூடாது என்பது அப்போதைய புஷ் அரசின் நிலை. பிரிட்டன் உடனே கேட்டது: 1981-இலிருந்து ஹைத்தியர்களை நடுக்கடலிலேயே மறித்துத் திருப்பி அனுப்புகிறீர்களே, அது என்ன? ஹாங்காங் பத்திரிகைகளும் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டன. சரியான கேள்விதான்.

அமெரிக்கப் பொதுமக்களின் மனநிலையைப் பார்த்தால் ஒன்று புரியும். 1975 மே மாதம் கேலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், வியட்நாம் அகதிகளைக் குடியமர்த்துவதை 54 சதவீதம் பேர் எதிர்த்தார்கள், 36 சதவீதம் பேர்தான் ஆதரித்தார்கள். 1979-இல் ஜனாதிபதி கார்ட்டர் மாதத்துக்கு 7,000 என்று இருந்ததை 14,000 ஆக்கியபோது, சிபிஎஸ்–நியூயார்க் டைம்ஸ் கணிப்பில் 62 சதவீதம் பேர் ஏற்கவில்லை. இருந்தும் இரண்டு தடவையும் அரசு மக்கள் கருத்தை மீறி ஆட்களைக் கொண்டுவந்தது. கருத்துக்கணிப்பைக் காட்டி 'மக்கள் விரும்பவில்லை, அதனால் முடியாது' என்று சொல்லும் அரசுகளுக்கு இந்த இரண்டு எண்களையும் நான் எடுத்துக்காட்டுவதுண்டு.

பணம் கொடுத்து அனுப்பியது ஒருவகை லஞ்சம் தானே?

ஹாங்காங்கில் இந்தக் குற்றச்சாட்டு 1991-இல் உச்சத்துக்குப் போனது. சிலர் தாங்களாகவே வியட்நாம் திரும்பி, உதவித்தொகையையும் வாங்கிக்கொண்டு, மறுபடி படகேறி ஹாங்காங்குக்கே வந்தார்கள். 'இரண்டாம் முறை வந்தவர்கள்' என்று தனியாகக் கணக்கெடுக்கும் அளவுக்கு ஆனது. சட்டமன்றத்தில் கொந்தளிப்பு. ரீட்டா ஃபான் போன்ற உறுப்பினர்கள் முதற்புகலிடக் கொள்கையையே கைவிடச் சொன்னார்கள். 1991 செப்டம்பர் இறுதிக்குப் பிறகு வந்தவர்களுக்கு உதவித்தொகை இல்லை என்று அறிவித்தார்கள். நவம்பர் விமானத்தில் அனுப்பப்பட்ட 59 பேரில் பெரும்பாலோர் இப்படி இரண்டாம் முறை வந்தவர்கள்தான். அவர்கள்மேல் பொதுமக்களுக்கு இரக்கம் இருக்காது என்று அரசுக்குத் தெரியும், கட்டாய அனுப்புதலை மறுபடி தொடங்க அவர்களைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான் என்பது என் கணிப்பு.

லஞ்சமா என்றால், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போனவர் வெறும் கையோடு ஊருக்குத் திரும்பினால் மறுநாள் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்? அவருக்குக் கொஞ்சம் பணம் கொடுப்பது குறைந்தபட்ச மரியாதை. எனக்கு உறுத்துவது வேறு இடம். கையில் பணத்தைக் காட்டிக்கொண்டே, மறுபக்கம் முகாமில் வாழ்க்கையைத் தாங்க முடியாததாக ஆக்கினார்கள்.

அப்படியானால் 'தானாக விரும்பித் திரும்புதல்' என்பது பொய்யா?

முழுப் பொய் இல்லை. 1988 டிசம்பரில் வியட்நாமும் யு.என்.எச்.சி.ஆரும் ஒப்பந்தம் செய்துகொண்டன. திரும்பி வருபவர்களைத் தப்பி ஓடியதற்காகத் தண்டிக்கக் கூடாது, ஆணையத்தின் ஆட்கள் போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும். 1989 மார்ச்சில் முதல் 75 பேர் ஹாங்காங்கிலிருந்து தாங்களாகவே விமானம் ஏறினார்கள். வயதான பெற்றோரை விட்டுவந்தவர்கள், கணவன் ஓரிடம் மனைவி ஓரிடம் என்று பிரிந்தவர்கள், முகாமில் நம்பிக்கை இழந்தவர்கள் எல்லாரும் அப்படிப் போனவர்களில் உண்டு.

ஆனால் எந்தச் சூழ்நிலையில் விரும்பினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒயிட்ஹெட் முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் முள்வேலிக்குள் வரிசையாகத் தகரக் கொட்டகைகள். உள்ளே மூன்றடுக்குக் கட்டில்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அடுக்கு, துணியைத் தொங்கவிட்டால் அதுதான் வீடு. சாப்பாடு, தூக்கம், பிரசவம் முடிந்து வந்த குழந்தை, நோய்ப்பட்ட கிழவி எல்லாம் அந்தப் பலகை மேல்தான். உச்சக்கட்டத்தில் இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் அங்கே இருந்தார்கள். வேலிக்கு வெளியே ஒரு தடவைகூடக் கால்வைக்காமலே நடக்கப் பழகிய குழந்தைகள் உண்டு. 1990களில் பள்ளி, பயிற்சி, வேலை வசதிகளைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், உள்ளே இருக்கப் பிடிக்காமல் கிளம்பட்டும் என்று. வடக்கத்தியர், தெற்கத்தியர் கோஷ்டிச் சண்டை வேறு. 1992 பிப்ரவரி 3, வியட்நாமியப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு, செக் காங் முகாமில் ஒரு கொட்டகைக்குத் தீ வைக்கப்பட்டு 24 பேர் இறந்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர் "நான் ஊருக்குப் போகிறேன்" என்று கையெழுத்துப் போட்டால், அது அவர் விருப்பமா? பாதி அவருடையது, பாதி வேலியினுடையது. அரசுப் பணம் எதற்காகப் போகிறது என்று கேட்டவர்களில் சிலராவது இந்த இடத்தைப் பார்த்துக் கேட்டார்கள். வழக்கறிஞர் பாம் பேக்கர் அவர்களில் முக்கியமானவர். ஊரார் பலருக்குப் பிடிக்காத வழக்குகளைத் தேடி எடுத்து நடத்தினார். 1996-இல், ஹாங்காங் வழக்குகளுக்கு அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு முக்கியமான தீர்ப்புக் கொடுத்தது: வியட்நாம் தன் குடிமக்களாக ஏற்க மறுப்பவர்களை, திருப்பி அனுப்பப் போகிறோம் என்று சொல்லிக் காலவரையின்றி அடைத்துவைக்க முடியாது.

விசாரணை நேர்மையாக நடந்ததா?

எனக்கு மொத்த விவகாரத்திலும் முக்கியமான கேள்வி இதுதான். திட்டத்தின் கீழ் விசாரிக்கப்பட்ட வியட்நாமியர்களில் சுமார் 28 சதவீதம் பேர்தான் அகதிகளாக ஏற்கப்பட்டார்கள். ஹாங்காங்கில் அதைவிடக் குறைவு. குடிவரவு அதிகாரி ஒருவர், மொழிபெயர்ப்பாளர் வழியாக, சில மணிநேரத்தில் ஒரு மனிதரின் வாழ்க்கையை எடைபோட்டார். ஆரம்பத்தில் சட்ட உதவி ஏறக்குறைய இல்லை. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் முகாம்களில் பணம் வாங்கிக்கொண்டு அந்தஸ்து கொடுத்தார்கள், பெண்களிடம் வேறு விலை கேட்டார்கள் என்று வலுவான புகார்கள் வந்தன.

விசாரணை நேர்மையானதென்றால், தேறாதவரை அனுப்ப அரசு பணம் செலவிடுவதில் தவறு காண முடியாது. விசாரணையே கோணல் என்றால், எவ்வளவு உதவித்தொகை கொடுத்தாலும் அது அநியாயத்துக்குக் கொடுத்த பணம். ஹாங்காங்கில் பொதுமக்கள் பேச்சு இந்தக் கட்டத்துக்கு வரவே இல்லை. எத்தனை பேர், எவ்வளவு செலவு, எப்போது போவார்கள் என்பதோடு நின்றுவிட்டது.

1995-இல் அமெரிக்கக் காங்கிரஸில் நடந்தது என்ன?

அரசுப் பணம் என்ற கேள்வி நேருக்கு நேர் வாக்கெடுப்புக்கு வந்தது அங்கேதான். நியூ ஜெர்சியின் குடியரசுக் கட்சி உறுப்பினர் கிறிஸ் ஸ்மித், வியட்நாமியரையும், லாவோஸ் நாட்டின் லாவோ, ஹ்மோங் மக்களையும் திருப்பி அனுப்பும் செயல்திட்டத்துக்கு அமெரிக்க வரிப்பணம் போகக்கூடாது, முதலில் மறுவிசாரணை வேண்டும் என்று வெளியுறவு மசோதா ஒன்றில் பிரிவு சேர்த்தார். அதே கட்சியைச் சேர்ந்த நெப்ராஸ்காவின் டக் பெரூட்டர் எதிர்த்தார், இது முகாமில் இருப்பவர்களுக்குப் பொய்யான நம்பிக்கை கொடுக்கும் என்றார். பிரதிநிதிகள் சபையில் ஸ்மித் பக்கம் வென்றது. அமெரிக்க வியட்நாமியச் சமூகமும், போரில் பங்கெடுத்த பழைய வீரர்களில் பலரும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். தங்கள் பக்கம் நின்று சண்டை போட்டவர்களைத் தங்கள் பணத்திலேயே எதிரியிடம் ஒப்படைப்பதா என்பது அவர்கள் கேள்வி.

இரண்டு பேரும் சொன்னதில் உண்மை இருந்தது. முகாம்களில் தவறாக நிராகரிக்கப்பட்டவர்கள் நிச்சயமாக இருந்தார்கள். அதே நேரம், செய்தி வந்தவுடன் தானாகத் திரும்பப் பெயர் கொடுப்பவர்களின் எண்ணிக்கை சட்டென்று விழுந்தது. அமெரிக்கா கடைசி நேரத்தில் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று மக்கள் காத்திருந்தார்கள். ஒயிட்ஹெட்டில் 1995 மே மாதம் முகாம் மாற்றும்போது பெரிய மோதல், 1996 மே மாதம் கலவரம். இரண்டாவதில் வண்டிகளும் கட்டிடங்களும் எரிந்தன, நூற்றுக்கும் மேற்பட்டோர் வேலி தாண்டி ஓடினார்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு ஹாங்காங்கில் மிச்சமிருந்த கொஞ்சம் இரக்கமும் போனது.

மசோதாவை 1996 ஏப்ரலில் கிளின்டன் தன் மறுப்பு அதிகாரத்தால் நிறுத்தினார். ஆனாலும் அந்த அழுத்தத்தால் ஒரு வழி பிறந்தது: முகாமிலிருப்பவர்கள் ஊர் திரும்பப் பெயர் கொடுத்தால், வியட்நாமில் வைத்து அமெரிக்க அதிகாரிகள் மறுபடி நேர்காணல் செய்வார்கள். அப்படிச் சுமார் 18,000 பேர் கடைசியில் அமெரிக்கா போனார்கள். நிராகரிக்கப்பட்டவர்களில் இத்தனை பேர் மறுநேர்காணலில் தேறினார்கள் என்றால், முதல் விசாரணையைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

மற்ற நாடுகளில்?

மலேசியா 1996 ஜூனில் கடைசி முகாமை மூடியது. இந்தோனேசியாவின் காலாங் தீவிலும் உண்ணாவிரதமும் தற்கொலை முயற்சிகளும் நடந்த பிறகு முகாம் காலியானது. பிலிப்பைன்ஸ் மட்டும் வேறு வழியில் போனது. 1996-இல் கட்டாய அனுப்புதல் தொடங்கியதும் கத்தோலிக்கத் திருச்சபை குறுக்கே நின்றது, அரசு நிறுத்திக்கொண்டது. பலாவான் தீவில் தங்கியவர்களுக்குத் தனி ஊரே எழுந்தது.

தாங்களாகவே திரும்ப விரும்பியவர்களுக்கு அரசு உதவியதில் முன்பு ஏதாவது உதாரணம் உண்டா?

உண்டு, 1975-லேயே. சைகோன் வீழ்ந்த குழப்பத்தில் அமெரிக்காவின் குவாம் தீவுக்கு வந்து சேர்ந்தவர்களில் 1,500-க்கும் அதிகமானோர், குடும்பம் அங்கே இருக்கிறது, எங்களைத் திருப்பி அனுப்புங்கள் என்று போராடினார்கள். மொட்டை அடித்துக்கொண்டார்கள், கொட்டகைகளை எரித்தார்கள். கடைசியில் அமெரிக்க அரசு 'வியட்நாம் தூங் டின்' என்ற கப்பலைச் செலவுசெய்து பழுதுபார்த்துக் கொடுத்தது. 1975 அக்டோபரில் அதை ஓட்டிக்கொண்டு போனார்கள். கரை சேர்ந்ததும் பலர் 'மறுகல்வி முகாம்' என்ற பெயரிலான அரசியல் சிறைகளில் அடைக்கப்பட்டார்கள், கப்பல் தலைவர் பத்து வருடத்துக்கும் மேல் சிறையில் இருந்தார். அங்கே விருப்பம் முழுமையாக இருந்தது, பணமும் கப்பலும் கிடைத்தன. போய்ச் சேர்ந்தபின் என்ன ஆகிறார்கள் என்று பார்க்க மட்டும் யாரும் இல்லை. 1988 ஒப்பந்தத்தில் கண்காணிப்பைச் சேர்த்தது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே போதும்.

1990களில் திரும்பியவர்களின் கதி என்ன? பணம் பயன்பட்டதா?

1975-இல் போல நடக்கவில்லை. தப்பி ஓடியதற்காகத் திட்டமிட்டுப் பழிவாங்குவதைக் கண்காணிப்பாளர்கள் காணவில்லை. ஹாங்காங்குக்கு வந்தவர்களில் நிறையப் பேர் ஹாய்ஃபோங், குவாங்நின் போன்ற வடக்குக் கடலோர மாகாணத்தவர்கள். வந்து இறங்கும்போது சிலருக்கு வீடு இல்லை, குடும்ப அட்டையில் பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது முதல் எல்லாமே இழுபறி.

தனிநபர் தொகையைவிட ஊருக்குப் பொதுவாகச் செய்த செலவுதான் அதிகம் பயன்பட்டது என்பது என் எண்ணம். யு.என்.எச்.சி.ஆர். பாலம், பள்ளிக்கூடம், குடிநீர் என்று 300-க்கும் மேற்பட்ட சிறு வேலைகளைச் செய்தது. ஐரோப்பியச் சமூகத்தின் திட்டம் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் கொடுத்தது, திரும்பியவர்களுக்கு மட்டுமின்றி ஊரிலேயே இருந்தவர்களுக்கும். இல்லாவிட்டால், ஓடிப்போனவனுக்கு டாலர், ஊரோடு இருந்தவனுக்கு ஒன்றுமில்லையா என்று அங்கேயும் அதே பொறாமை முளைத்திருக்கும்.

படகுகள் நின்றது பணத்தாலா, பயத்தாலா?

ஹாங்காங்குக்கு 1991-இல் 20,000 பேருக்கும் மேல் வந்தார்கள். 1992-இல் 12 பேர். கட்டாயத் திருப்பி அனுப்புதல்தான் இதைச் செய்தது என்று அன்றைய ஹாங்காங் அரசு சொன்னது, மறுக்க முடியாது. வியட்நாமின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், நேரடியாகவே சட்டப்படி வெளியேறும் திட்டத்தில் லட்சக்கணக்கானோர் போக முடிந்ததும் சேர்ந்துகொண்டன. அந்தச் சட்டபூர்வ வழியில் மொத்தம் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். பணச் சண்டையில் இதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

ஹாங்காங்கில் மிச்சமிருந்தவர்கள்?

1998 ஜனவரியில் முதற்புகலிடக் கொள்கை முடிவுக்கு வந்தது. யாரும் ஏற்காத, எங்கும் அனுப்ப முடியாத சுமார் 1,400 பேருக்கு 2000-இல் ஹாங்காங் அரசே அடையாள அட்டை கொடுத்துக் குடியமர்த்தியது. அவர்கள் கடைசியாக இருந்த பில்லர் பாயின்ட் முகாம் அந்த வருடம் மே இறுதியில் மூடப்பட்டது. முணுமுணுப்பு இருந்தது, பெரிய எதிர்ப்பு இல்லை.

இன்றைக்கும் இந்த விவகாரம் உண்டா?

அமெரிக்காவில் உண்டு. 2008-இல் அமெரிக்காவும் வியட்நாமும் செய்த உடன்பாட்டின்படி, இரு நாடுகளும் உறவைப் புதுப்பித்த 1995 ஜூலை 12-க்கு முன்பு வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. போர் அகதிகளுக்கு அது கவசமாக இருந்தது. டிரம்ப் அரசு 2017-இலிருந்து அதை மாற்ற முயன்றது, 2020 நவம்பரில் புதிய புரிந்துணர்வு ஒப்பந்தம் வந்தது. எப்போதோ ஒரு குற்ற வழக்கில் தண்டனை முடித்துவிட்டு, நாற்பது வருடமாக அங்கேயே குடும்பத்தோடு வாழ்பவர்களும் இப்போது பட்டியலில் வருகிறார்கள். சிறுபிள்ளையாகப் படகில் வந்து, வியட்நாமிய மொழியே சரியாகப் பேசத் தெரியாதவர்களும் அவர்களில் அடக்கம். இந்த முறை விமானச் செலவு முழுக்க அமெரிக்க வரிப்பணம். ஹானோயில் இறங்குபவருக்கு 1990களில் கிடைத்த அந்த முந்நூற்றுச் சொச்சம் டாலரும் கிடையாது, வீட்டுக்கு வந்து விசாரிக்க ஐ.நா. ஆளும் கிடையாது.